டீமுக்கு ஒண்ணு

கேப்டனைப் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு பாதி பிரஷ். பச்சை நிறம். கைப்பிடியை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு, தூரிகையையும் அதன் கீழே ஒரு விரற்கடை பிளாஸ்டிக்கையும் மட்டும் மிச்சம் வைத்திருந்தார். அதைப் பிடித்துத் துலக்க வேண்டுமென்றால் இரண்டு விரல்கள் வாய்க்குள் போக வேண்டும். மேகமலையில் ஒரு காலையில், தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் நின்றுகொண்டு அவர் அப்படித்தான் பல் துலக்கினார். நுரை மணிக்கட்டு வரை வழிந்தது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் செலவழிக்கக் கூடாதாம். துப்பிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அதே விரல்களால் கடலைமிட்டாயை உடைத்து எல்லோருக்கும் நீட்டினார். "கைப்பிடியில மட்டும் எட்டு கிராம் மிச்சம் மேடம்" என்றார். மிட்டாயை வாங்கி, அவர் திரும்பியதும் புல்லுக்குள் போட்டேன். இன்றைக்கும் நான் பச்சை நிற பிரஷ் வாங்குவதில்லை.

அவர் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. தேனியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வாரம் முழுக்க கிரானைட் பலகையையும் தரைக்கல்லையும் லாரியிலிருந்து இறக்க வைத்து வியாபாரம் செய்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிராமில் பேச ஆரம்பித்துவிடுவார். ஏதோ ஒரு வருடம் சுற்றுலா கம்பெனி ஒன்றோடு இமயமலைப் பக்கம் போய் வந்திருக்கிறார். அதற்கு அவர்கள் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். குளியலறைக்குக் கல் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் போனால், ஊதுபத்தி ஏற்றுகிற சாக்கில் அவரே போய் அதற்குக் கீழே நிற்பார். கேப்டன் என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால் டீம் கொடுத்தது என்பார். டீமில் கேட்டால், அவர்தான் வாட்ஸ்அப்பில் அப்படிப் பெயர் போட்டுக்கொண்டார் என்பார்கள்.

நான் உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்ன வருடம் அந்த மலையேற்றக் குழுவில் சேர்ந்தேன். சின்ன வயதிலிருந்து இரண்டு பக்கமும் மலையைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் பஸ்ஸில் போகிற வழியைத் தவிர வேறு வழியில் அதன்மேல் கால் வைத்ததில்லை. அந்த ஆசையும் இருந்தது. சேர்ந்த பிறகுதான், இவர்களுக்கு மலை முக்கியமில்லை, யார் எத்தனை மலை பார்த்தவன் என்பதுதான் முக்கியம் என்று புரிந்தது. யார் என்ன செய்தாலும் "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்பது அவர்களுடைய நிரந்தரக் கேலி. அடுப்புப் பற்றவைத்தால் சர்டிபிகேட் இருக்கா. ஷூ கயிறு கட்டினால் சர்டிபிகேட் இருக்கா. ஒருவர் புதர் மறைவுக்குப் போனால், அவர் திரும்பி வரும்வரை அதே கேள்வியை விதவிதமாகக் கத்திச் சிரிப்பார்கள். கால்விரல் நகம் கறுத்து விழுந்தால்தான் முழு மெம்பர் என்று வேறு ஒரு சட்டம். கேப்டன் தன்னுடைய நகத்தைப் பஞ்சு வைத்த ஒரு மாத்திரை டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். மஞ்சளாக, ஓரத்தில் காய்ந்த ரத்தத்தோடு இருந்தது. அந்த டப்பா பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே வரும்.

இந்தக் கேலியெல்லாம் கடைசியில் எடையில் வந்து நிற்கும். சட்டையின் உள்ளே தைத்த துணிச்சீட்டைப் பிய்த்துவிடுவார்கள். பையின் வாரில் தொங்குகிற நுனியை வெட்டிவிடுவார்கள். நாலு பேருக்கு ஒரு ஸ்பூன். ஒருவர் நக்கிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். மூன்று நாளைக்கு ஒரே சாக்ஸ். அந்த சாக்ஸோடு காருக்குள் ஏறினால் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் நான் மூச்சு விடுவேன். காலியான தண்ணீர் பாட்டிலும் எடைதான் என்று பாறை இடுக்கில் செருகிவிட்டு வருவார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய் இயற்கையைக் காப்போம் என்று படம் போடுவார்கள். எந்தப் பொருளைக் காட்டி எவ்வளவு என்று கேட்டாலும் யோசிக்காமல் கிராம் கணக்கு வாயில் வந்துவிடும். அதில் மிகவும் தேறியவர் சின்னமனூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர். மெல்லிய ஆள், அதிகம் பேச மாட்டார். மற்றவர்கள் மனப்பாடமாகச் சொல்வதை அவர் கடைத் தராசில் போட்டுப் பார்த்துச் சொல்வார்.

கேப்டனின் பெரிய கண்டுபிடிப்பு 'டீமுக்கு ஒண்ணு' என்பது. ஆளுக்கு ஒரு டார்ச், ஆளுக்கு ஒரு கட்டுத்துணி, ஆளுக்கு ஒரு தைலம் என்று எதற்குத் தூக்க வேண்டும்? டீமுக்கு ஒன்று போதும். ஒரு மருந்துப் பை, ஒரு பிளாஸ்டிக் படுதா, ஒரு கயிறு, ஒரு பெரிய டார்ச். அவையெல்லாம் கேப்டனின் முதுகில் இருக்கும். எல்லோருடைய சுமையையும் தான் தூக்குவதாக அவருக்கு ஒரு பெருமை வேறு. அந்த மருந்துப் பையைத் தயார் செய்து கொடுத்தது மருந்துக்கடைக்காரர்தான். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரே பொட்டலமாகக் கட்டி, கட்டுத்துணியின் உறையைக்கூட எடுத்துவிட்டு, ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரிச் செய்திருந்தார். எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டினார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு டைப்பிஸ்ட் அக்காவை அழைத்துப் போனது நான்தான். கோர்ட்டுக்கு எதிரில் மனு அடித்துக் கொடுக்கிற கடையில் அவருக்கு வேலை. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் எங்களுக்கு அவர் டைப்பிஸ்ட் அக்காதான். மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். வீட்டுக்காரர் நெல் வயல் பார்க்கிறார். மகனுக்குக் கல்யாணம் முடித்து, அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் திங்கட்கிழமைகளில் மலைக்கதை சொல்லும்போது, அடித்துக்கொண்டிருக்கிற விரல் நின்றுவிடும். ஒருநாள் கேட்டார்: "வக்கீலம்மா, மேக்க தெரியுற மலையில ஏறினா எங்க ஊரு தெரியுமா? எங்க வீட்டு மொட்டமாடி தெரியுமா?" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த மலையைத்தான் பார்க்கிறாராம். அங்கே நின்று இங்கே எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும்; அவ்வளவுதான் அவருடைய ஆசை. பெரிய சிகரமோ சான்றிதழோ அவர் கேட்கவில்லை. தேவாரத்துக்கு மேற்கே உள்ள அந்த மலைக்கு அடுத்து ஒரு ஏற்றம் வைத்தபோது, வீட்டில் இரண்டு நாள் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார்.

அது ஆனி மாதம். மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கார்களை நிறுத்தினோம். வனத்துறை அனுமதியெல்லாம் வாங்கியாச்சு என்று கேப்டன் சொன்னார். ஏறுவதற்கு முன்னால் எடை பார்ப்பது டீமின் வழக்கம். ஓடைப்பட்டியில் திராட்சை வாங்குகிற ஒரு வியாபாரியிடம் கேட்டு வாங்கிய கொக்கித் தராசை, கேப்டன் ஒரு புளியமரக் கிளையில் மாட்டினார். ஒவ்வொரு பையாக அதில் தொங்கவிட வேண்டும். அதிக எடை வைத்திருப்பவருக்கு அன்று முழுவதும் கழுதை என்று பெயர். குறைந்த எடை வைத்திருப்பவருக்குக் கைதட்டு. அக்காவின் பையை மாட்டியதும் கிளை லேசாகத் தாழ்ந்தது. கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது.

"என்னாக்கா, குடி மாறிப் போறீகளா?" என்றார் கேப்டன்.

"மேல நல்ல வீடா கெடச்சா இருந்துர வேண்டியதுதான் சார்" என்று அக்கா சிரித்தார். அவர் அப்படித்தான். தன்னைக் கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து முதல் ஆளாகச் சிரித்துவிடுவார்.

கேப்டன் அந்தப் பையை எல்லோர் முன்னாலும் பிரித்தார். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். ஒரு மாற்றுச் சுடிதார். ஒரு தைல பாட்டில். பெரிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் நிறையப் புளியோதரை. "எல்லாத்துக்கும் சேத்துத்தான் சார் கிண்டுனேன்" என்றார் அக்கா. "சோத்தவிட டப்பா எடை கூட இருக்கேக்கா" என்றார் அவர். அடியில் ஒரு கெட்டிப் போர்வை, கட்டம் போட்டது. "பொழுதோட எறங்கப் போறோம், மேல தூங்கவா போறீக?" கீழே விரித்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றுதான் கொண்டுவந்தேன் என்று அக்கா சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ "போர்வைக்கு சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டு அதற்கும் ஒரு சிரிப்பு. கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட் பொட்டலத்தையும் தவிர எல்லாம் வெளியே வந்துவிட்டது. "அவுக பொருளு, அவுக தூக்கிட்டு வர்றாக. உங்களுக்கு என்ன வலிக்குது?" என்று நான் கேட்டேன். "டீம் ரூல்ஸ் மேடம்" என்றார் கேப்டன்.

அப்போது அக்கா ஒன்று சொன்னார். யாரையும் புண்படுத்த வேண்டும் என்று இல்லை. கூட்டத்தில் தானும் ஒரு ஆளாக இருக்க வேண்டும், அதற்காகச் சொன்னது. "எல்லாத்தையும் எறக்கியாச்சு. சார் அந்தத் தொப்பைய மட்டும் எங்கன எறக்கி வைக்கப் போறாகளோ?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்புகளிலேயே பெரிய சிரிப்பு அதுதான். மருந்துக்கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேப்டனும் சிரித்தார், ஆனால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். அடுத்து அவருடைய பையை மாட்டியபோது, மருந்துக்கடைக்காரரின் பையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. டீமின் பொதுச் சாமான் எல்லாம் அதில் இருக்கும்போது கூடத்தானே செய்யும்? ஆனால் டீமிலிருந்த ஒரு பையன் "கேப்டனுக்கு ரெண்டாவது எடந்தான்" என்று சொல்லிவிட்டான். "வார் சரியா மாட்டல, இன்னொரு வாட்டி பாப்போம்" என்றார் அவர். அக்காவின் சாமான்களை எல்லாம் அள்ளி, தானே காரில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி, பையையும் தோளில் மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து மறுபடியும் மாட்டினார். எல்லோரையும்விடக் குறைவாகக் காட்டியது. எப்படி என்று கேட்டதற்கு, "கட்டுற விதத்துல இருக்கு, அதான் டெக்னிக்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார்.

ஏற ஆரம்பித்ததும் கேப்டனும் இரண்டு பையன்களும் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். எடை குறைந்தவன் பின்னால் வரக்கூடாது என்பது அவர்களுடைய கௌரவம். அக்காவும் நானும் நின்று நின்று ஏறினோம். மருந்துக்கடைக்காரர் எங்களோடு வந்தார். பாதி ஏறியதும் பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. தென்னந்தோப்பு, அதற்கப்பால் திராட்சைப் பந்தல், வாய்க்கால், அப்புறம் ஒரே பச்சை. அக்கா கண்ணுக்குமேல் கையை வைத்துத் தேடினார். அவருடைய ஊர் இருக்கிற திசையை ஒரு மலைமுகடு மறைத்தது. "அந்த மொகட்டுக்குப் போயிட்டா தெரிஞ்சுரும்க்கா, ஒரே ஏத்தந்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர். அக்கா சேலை கட்டாத கூச்சத்தைக்கூட மறந்துவிட்டார். மருமகளை மாடியில் ஒரு சிவப்புச் சேலையைக் காயப்போடச் சொல்லிவிட்டு வந்திருப்பதாக என்னிடம் சொன்னார். மேலேயிருந்து அதை அடையாளம் கண்டுபிடிப்பாராம்.

மலையாள தேசத்துப் பக்கமிருந்து சாரல் அடிக்க ஆரம்பித்தது. ஒரு வறண்ட ஓடையைத் தாண்டுகிற இடத்தில் கல் ஈரமாக இருந்தது. அக்கா வைத்த கால் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கிவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. பச்சைக் குச்சியை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் அலறவில்லை. "வக்கீலம்மா, கால எடுத்து விடுங்க" என்று மட்டும் சொன்னார். கல்லைப் புரட்டி எடுத்தபோது பாதம் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கணுக்கால் தோல் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

போனில் சிக்னல் இல்லை. மருந்துக்கடைக்காரர் விசில் ஊதினார், கத்தினார். மேலே கேப்டன் ஒரு பாறைமேல் நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அவரும் பையன்களும் இறங்கி வருவதற்குள் அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. "மருந்துப் பைய எடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். கேப்டன் பையைக் கழற்றி, திறந்து, கையை உள்ளே விட்டுத் தேடினார். அந்தத் தேடலை நான் மறக்க மாட்டேன். உள்ளே கிடக்கிற ஊக்குக்குக்கூட எடை தெரிந்த மனிதர், இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவரைப் போல அவ்வளவு நேரம் தேடினார். பிறகு, "காருல மறந்துட்டேன் போல" என்றார். படுதா? அதுவும் காரில்தான். கயிறு? அதுவும்.

மழை வலுத்தது. யாரிடமும் வலிக்கு ஒரு மாத்திரை இல்லை, டீமுக்கு ஒன்று. கட்ட ஒரு துணி இல்லை, டீமுக்கு ஒன்று. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம். ஒரு பையனின் மழைக்கோட்டை அக்காமேல் போர்த்தினோம். வெங்காயத் தோல் மாதிரி இருந்த அது, காற்றில் ஒரு முறை படபடத்துக் கிழிந்தது. அதையே பிடித்து அக்காவைத் தூக்கிவிடலாம் என்று முயன்றபோது இரண்டாகப் போய்விட்டது. ஒரு போர்வை இருந்திருந்தால் நாலு பேர் நாலு முனையைப் பிடித்து அப்போதே இறக்கியிருக்கலாம். கேப்டன் நிமிர்ந்து, "நான் கீழ போயி ஆளு அனுப்புறேன். இருக்கிறதுலயே லைட்டா இருக்கிறவன் நாந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த நேரத்திலும் அதைச் சொன்னார்.

ஆள் அனுப்பினார் என்பதை நான் மறுக்கவில்லை. தோப்புக் காவலுக்கு இருந்த இரண்டு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலோடு ஏறி வந்தார்கள். காரில் மறந்ததாகச் சொன்ன மருந்துப் பையை அவர்களிடம் கொடுத்துவிடவில்லை. அதற்குள் மதியம் போய்விட்டது. அக்கா அவ்வளவு நேரமும் நனைந்து, பல் கிட்டிப்போய், என் மடியில் தலைவைத்துக் கிடந்தார். கட்டிலில் தூக்கும்போது ஒரு முறை கீழே திரும்பிப் பார்த்தார். மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

நாங்கள் தோப்புக்கு வந்து சேர்ந்தபோது கேப்டன் காரின் முன்சீட்டில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் அக்காவின் டிபன் பாக்ஸ். எடை பார்த்துப் பார்த்து அவர் தனக்குக் கொண்டுவந்தது ஒரு பொட்டலம் கடலை மட்டும். புளியோதரையை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். விரலெல்லாம் மஞ்சள் எண்ணெய். எங்களைப் பார்த்ததும் விரலைச் சூப்பிவிட்டு, அதே கையால் கட்டிலின் சட்டத்தைப் பிடிக்க வந்தார். "நீங்க தொடாதீக" என்று நான் சொன்னேன்.

அக்காவுக்குப் போர்த்த எதையாவது எடுக்க அந்தக் காரின் டிக்கியைத் திறந்தேன். அந்தக் கட்டம் போட்ட போர்வை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உதறினேன். உள்ளேயிருந்து மருந்துப் பையும் படுதாவும் கயிறும் டார்ச்சும் விழுந்தன. மறந்து வைத்த சாமான் சீட்டில் கிடக்கும், காலடியில் கிடக்கும். அடுத்தவர் போர்வைக்குள் சுருண்டு ஒளிந்திருக்காது. மருந்துக்கடைக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார். அவரும் பார்த்தார். பையை எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு மாத்திரையை அக்காவின் வாயில் போட்டார். கேப்டன், "டென்ஷன்ல விட்டுப்போச்சு மேடம். மலையில இதெல்லாம் சகஜம்" என்றார். ஒரு சிரிப்புக்காக அவர் இதைச் செய்திருக்கிறார். தொப்பையைச் சொல்லி ஒரு பெண் சிரித்துவிட்டாள், அதற்காக.

தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கணுக்காலில் தகடு வைத்தார்கள். புண் சீழ் பிடித்து, மறுபடியும் திறந்து, மறுபடியும் மூடி, அக்கா கோர்ட்டுக்குத் திரும்பி வரப் பல மாதம் ஆனது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பஸ் படிக்கட்டில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். வீட்டு மாடிக்கு ஏறுவதில்லை. துணி காயப்போடுவது மருமகள். நான் பார்த்ததை அவரிடம் சொன்னேன். நோட்டீஸ் அனுப்பலாம், நஷ்டஈடு கேட்கலாம், காசு வேண்டாமென்றால் மன்னிப்பாவது கேட்க வைக்கலாம் என்றேன். "விடுங்க வக்கீலம்மா, மறந்திருப்பாக. என்னைய என்ன அவுகளா தள்ளிவிட்டாக?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. குழுவிலிருந்து நான் விலகினேன். மருந்துக்கடைக்காரர் விலகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போவார்.

என்னால் தாங்க முடியாமல் போனது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒரு மாதத்துக்குள் அந்தக் கால் கேப்டனின் சான்றிதழ் ஆகிவிட்டது. கொட்டும் மழையில் ஒரு பெண்ணை மலையிலிருந்து மீட்ட கதை. முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது, பிறகு கடைக்கு வருகிறவர்களிடம், பிறகு கல்லூரிப் பிள்ளைகளுக்கு எடுத்த வகுப்பில். கதையில் அக்கா தேவையில்லாத சுமையோடு வந்தவர் ஆனார், சொன்னதைக் கேட்காதவர் ஆனார். கட்டிலைத் தூக்கி வந்த இருவரும் கதையிலிருந்து மறைந்து, கேப்டனின் தோள் அங்கே வந்தது. ஒரு மனிதர் தன் அழுக்கை மறைப்பார், அது எனக்குத் தெரியும். என் தொழிலில் தினமும் பார்ப்பதுதான். அந்த அழுக்கையே பூசிக்கொண்டு வாசனை என்று ஊரைக் கூப்பிட்டு மோந்துபார்க்கச் சொல்கிறவரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இந்த வருடம் அவர் டைல்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே மலையேற்றச் சாமான் கடை ஒன்று திறந்தார். எல்லாம் எடை குறைந்த சரக்கு. திறப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில். அக்காவுக்குச் சிறப்பு அழைப்பு. மேடையில் கௌரவிக்கப் போகிறார்களாம். கிழித்துப் போடுங்கள் என்றேன். "கூப்பிட்டிருக்காக, போயிட்டு வருவோம். நீங்களும் வாங்க" என்றார் அக்கா. கார் வைத்து அழைத்துப் போனேன். வழியெல்லாம் மேற்கே மலை கூடவே வந்தது. அக்கா கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பழைய டீம் முழுக்க உட்கார்ந்திருந்தது, மருந்துக்கடைக்காரரும். கேப்டன் இன்னும் பெருத்திருந்தார். மைக்கைப் பிடித்து, சுமையைக் குறைத்தால் வாழ்க்கை எப்படி லேசாகும் என்று நெடுநேரம் பேசினார். பிறகு அக்காவை அழைத்தார். அக்கா கம்பை ஊன்றி, பக்கவாட்டுப் படியில் ஒவ்வொன்றாக ஏறும்வரை கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. "எங்க டீம்ல ஒரு நகம் போனாத்தான் மெம்பர். அக்காவுக்கு ஒரு கணுக்காலே போயிருச்சு. அதனால இவுக ஆயுள் மெம்பர்" என்றார் கேப்டன். மண்டபம் சிரித்தது. சட்டம் போட்ட ஒரு சான்றிதழை அக்காவின் கையில் கொடுத்தார். ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா என்று மைக்கை நீட்டினார்.

எல்லோரும் சிரிக்கும்போது அக்காவும் சிரிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மனுவுக்கு எத்தனை நகல் வேண்டும் என்று கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஒன்னு கேக்கணும் சார். அன்னைக்கு மருந்துப் பைய எம் போர்வைக்குள்ள சுருட்டி வச்சிட்டு மேல வந்தீகளே. அது எத்தன கிராம் இருந்துச்சு?"

கேப்டன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் யாருக்குக்கா ஞாபகம் இருக்கு" என்றார்.

"எரநூத்தி அறுவது" என்றது முன்வரிசையில் ஒரு குரல். மருந்துக்கடைக்காரர். கேட்டால் உடனே வாயில் வந்துவிடுகிற பழக்கத்தில் சொன்னாரா, இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கேப்டனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, எடுக்க மறந்த பந்தல் மாதிரி.

"எரநூத்தி அறுவது" என்று அக்கா ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சான்றிதழைக் கேப்டனின் கையிலேயே திருப்பி வைத்தார். "இத நீங்களே வச்சுக்கங்க சார். ஒரு கையில கம்பு இருக்கு. இதையும் தூக்கிட்டு என்னால படி எறங்க முடியாது."

நான் மேடைக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். மூன்றே படிதான். அக்கா நல்ல காலை முதலில் வைத்து, மற்றக் காலை அதனோடு சேர்த்து, ஒவ்வொன்றாக இறங்கினார். அவர் இறங்கி முடிக்கும்வரை அந்த மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.